மனையியல் யார் வீட்டுக்கு? - ஃபிளெமி கிட்ரெலை முன்வைத்து

பெரம்பலூர், அரியலூர் பக்கம் ஓர் ஆசிரியை பணி ஓய்வு பெற்றால் சால்வை, சுவர்க் கடிகாரம், மதியம் பிரியாணி. கணக்கு டீச்சர் என்றால் இத்தனை இன்ஜினியர்களை உருவாக்கியவர் என்று மேடையில் பேசுவார்கள். மனையியல் டீச்சர் என்றால் "கைப்பக்குவம் உள்ளவர்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். செத்துப் போனால் அந்த ஒரு வரியும் கிடைக்காது. கஞ்சி வடிப்பதற்கு எதற்குப் பாடப்புத்தகம் என்று கேட்கிறவர்கள்தான் ஆசிரியர் அறையிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள்.

இதை ஆணாதிக்கம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக முடியாது. அடுப்படிக்குள் யார் நுழையலாம், யார் கொல்லைப்புறத்தோடு நிற்க வேண்டும் என்று முடிவு செய்வது இந்த நாட்டில் சாதி. அந்த அடுப்படியைப் பற்றிய படிப்பில் சாதி மட்டும் இல்லாமல் போனது எப்படி? இதைப் பேசுவதற்கு ஒரு மனையியல் ஆசிரியரின் வாழ்க்கையை நினைவுபடுத்த விரும்புகிறேன். நம் பக்கத்துக்காரர் இல்லை. அமெரிக்கக் கறுப்பினப் பெண். பெயர் ஃபிளெமி பேன்சி கிட்ரெல்.

1904இல் வட கரோலினாவில் ஹெண்டர்சன் என்ற ஊரில், குத்தகை விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். ஒன்பது பிள்ளைகளில் ஏழாவது. ஹாம்டன் கல்லூரிக்குப் போனபோது மனையியல் எடுத்துப் படி என்று ஆசிரியர் சொன்னதற்கு முதலில் அவர் ஒப்பவில்லை. தயங்கியதில் நியாயம் இருந்தது. அடிமைத்தளை ஒழிந்த பிறகு கறுப்பினப் பிள்ளைகளுக்குச் சமையலும் தையலும் கைத்தொழிலும் போதும், அதற்கு மேல் படித்தால் கெட்டுப்போவார்கள் என்று சொன்ன வெள்ளையர்கள் ஏராளம். அந்தக் கைத்தொழில் கல்விக்குப் பேர்போன இடமே ஹாம்டன்தான். புக்கர் டி. வாஷிங்டனுக்கும் டூ பாய்ஸுக்கும் நடந்த பெரிய சண்டையும் இதைப் பற்றியதுதான். நமக்கு இது புதிதல்ல. 1953இல் ராஜாஜி பாதி நாள் பள்ளிக்கூடம், மீதி நாள் அப்பன் தொழில் என்றபோது பெரியார் அதைக் குலக்கல்வி என்று சரியாகப் பெயர் சூட்டி அடித்தார். மறு ஆண்டு ராஜாஜி பதவியை விட்டுப் போனார்.

ஆனால் கிட்ரெல் அந்தப் பாடத்தை விட்டு ஓடவில்லை, கைப்பற்றினார். வெள்ளைக்காரர் வீட்டு வேலைக்காரியைத் தயாரிக்கும் படிப்பாக இருந்ததைத் தன் மக்களின் பசியை அளக்கும் அறிவியலாகத் திருப்பினார். 1936இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். ஊட்டச்சத்துத் துறையில் அந்தப் பட்டம் பெற்ற முதல் கறுப்பினப் பெண் அவர். 1944 முதல் வாஷிங்டனில் ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் மனையியல் துறைக்குத் தலைவர். துறைக்கென்று ஒரு கட்டடம் வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் சண்டை போட்டு 1963இல்தான் வாங்கினார்.

1947இல் லைபீரியாவுக்குப் போய் அந்த மக்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று ஆய்ந்தார். அரிசியும் மரவள்ளிக்கிழங்கும் வயிறு நிறையக் கிடைக்கிறது, ஆனால் உடம்பு பட்டினி கிடக்கிறது என்று கண்டார். மறைந்திருக்கும் பசி என்று அதற்குப் பெயர். தமிழ்நாட்டில் ரேஷன் அரிசி இருக்கிறது, யாரும் பட்டினி இல்லை என்று பெருமை பேசுகிறோம். தேசியக் குடும்ப நல ஆய்வு, இதே தமிழ்நாட்டில் பாதிக்கு மேற்பட்ட பெண்களுக்கு ரத்தசோகை என்கிறது. சோளக்காட்டிலும் பருத்திக்காட்டிலும் குனிந்து நிமிரும் நம் பெண்களுக்கு இதை ஆய்வு வந்து சொல்ல வேண்டியதில்லை. மதியம் மூன்று மணிக்குக் கண் இருட்டும்போதே தெரியும்.

கிட்ரெலை நாம் நினைக்க இன்னொரு காரணம் உண்டு. 1950இல் அவர் இந்தியாவுக்கு வந்தார், பரோடாவுக்கு. அங்கே பல்கலைக்கழகம் புதிது. துணைவேந்தர் ஹன்சா மேத்தா. மனித உரிமைப் பிரகடனத்தில் 'ஆண்கள் அனைவரும்' என்று பொருள்படும் சொல்லை மாற்றி 'மனிதர்கள் அனைவரும்' என்று எழுத வைத்தவர். அந்தப் பல்கலைக்கழகத்தில் மனையியல் கல்லூரியை அமைக்க உதவத்தான் கிட்ரெல் வந்தார்.

பரோடா என்றதும் நமக்கு வேறொன்று நினைவுக்கு வர வேண்டும். 1917இல் கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு அண்ணல் அம்பேத்கர் வேலைக்கு வந்த ஊர் அது. தங்க இடம் கிடைக்காமல், பார்சி விடுதியில் பார்சிப் பெயரில் தங்கினார். பதினோராம் நாள் தடியோடு வந்த கும்பல் அவரை வெளியேறச் சொன்னது. பூங்காவில் உட்கார்ந்து ரயிலுக்குக் காத்திருந்தார். மனிதனை வீட்டுக்குள் விடாத ஊரில் 33 ஆண்டு கழித்து வீட்டைப் பற்றிய கல்லூரி. அந்தக் கல்லூரியின் முதல் பாடம் அம்பேத்கர் உட்கார்ந்திருந்த பூங்காவில் தொடங்கியிருக்க வேண்டாமா? இந்தியாவில் மனையியல் வளர்ந்த பாதை அப்படி இல்லை. சரிவிகித உணவு வந்தது, குழந்தை வளர்ப்பு வந்தது, வீட்டு வரவுசெலவு வந்தது. சேரி வரவில்லை.

இங்கே ஒரு வேறுபாட்டைச் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவில் வெள்ளையர் வீட்டில் சமைத்தது கறுப்பினப் பெண். அவள் கையால் சமைத்ததைத் தின்றுவிட்டுத்தான் ஓட்டலில் அவள் பக்கத்தில் உட்கார மாட்டேன் என்றார்கள். அதை உடைக்க 1960 பிப்ரவரியில் கிரீன்ஸ்பரோ நகரத்தில் மாணவர்கள் உணவுக்கடை மேசையில் போய் உட்கார்ந்தார்கள். பென்னட் கல்லூரிப் பெண்களும் அந்தப் போராட்டத்தில் இருந்தார்கள். கிட்ரெல் முதலில் பாடம் நடத்திய கல்லூரி அது. நம் ஊரில் கதை இன்னும் கொடியது. இங்கே தலித் பெண் சமைக்கவே கூடாது. சாணி அள்ளலாம், கக்கூஸ் கழுவலாம், நெல் அவித்துக் குத்திக் கொடுக்கலாம். அந்த நெல்லை அவளே உலையில் போட்டால் தீட்டு. எந்த ஊட்டச்சத்து அட்டவணையில் இருக்கிறது இந்தத் தீட்டு?

"இப்ப யாருங்க சாதி பாக்குறா" என்பவர்களுக்குச் சில தேதிகள். 2018இல் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டன்பாளையத்தில் அருந்ததியப் பெண் சத்துணவு சமைக்கக் கூடாது என்று சாதி இந்துக்கள் பள்ளியை முற்றுகையிட்டார்கள். அதிகாரிகள் செய்த முதல் காரியம் அந்தப் பெண்ணை இடமாற்றம் செய்தது. போராட்டத்துக்குப் பிறகுதான் உத்தரவை ரத்து செய்து வழக்குப் போட்டார்கள். 2023இல் காலை உணவுத் திட்டம் விரிவானபோது எட்டயபுரம் பக்கம் உசிலம்பட்டியில் அதே கதை. அமைச்சரும் எம்.பி.யும் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். நல்லது. ஆனால் எம்.பி. எத்தனை பள்ளியில் சாப்பிடுவார்? 2022 டிசம்பரில் திருச்சிக்குத் தெற்கே வேங்கைவயலில் குடிநீர்த் தொட்டியில் மலம். விசாரிக்கப் போன ஆட்சியர் பக்கத்து இறையூரில் கண்டது இரட்டைக்குவளை.

மனையியல் வகுப்பில் பாத்திரத்தைக் கொதிநீரில் அலசினால் கிருமி சாகும் என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். இரட்டைக்குவளையில் எந்தக் கிருமியும் இல்லை. இது சுத்தத்தின் மொழியைத் திருடிக்கொண்ட பார்ப்பனியம். அறிவியல் பேசும் பாடம்தான் இதைத் தோலுரிக்க முழுத் தகுதி உள்ள பாடம். கழுவிய குவளை எப்போது சுத்தம், கழுவியும் ஏன் தீட்டு என்ற வினா எந்தப் பொதுத்தேர்வில் வந்திருக்கிறது?

அடுத்து, எது நல்ல உணவு என்பதை யார் தீர்மானிப்பது? 2020இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் காலை உணவை அட்சய பாத்திரா அறக்கட்டளையிடம் கொடுத்தார்கள். வெங்காயமும் பூண்டும் சேர்க்காத சமையல் அவர்களுடையது. எதிர்ப்பு கிளம்பியது. ஆலத்தூர், செட்டிகுளம் பக்கம் சின்ன வெங்காயம் பிடுங்கி, காய வைத்து, பட்டறை போட்டுக் காவல் காத்துப் பிழைக்கிற சனங்களிடம் வந்து, வெங்காயம் தாமச குணம், அதனால் உன் பிள்ளைக்கு வேண்டாம் என்று சொல்லிப் பார்க்கட்டும். முட்டையும் இதே கதைதான். 2015இல் மத்தியப் பிரதேசத்தில் அங்கன்வாடிப் பிள்ளைகளுக்கு முட்டை கொடுக்க முதலமைச்சர் மறுத்தார். சத்துணவில் முட்டை போடும் தமிழ்நாட்டிலும் மாட்டுக்கறியை, நத்தையை, கருவாட்டை மலிவான புரதம் என்று வகுப்பில் உரக்கச் சொல்ல எத்தனை ஆசிரியர்களுக்குத் துணிச்சல் இருக்கிறது? கிட்ரெல் லைபீரியாவில் மக்களின் சட்டியைத் திறந்து பார்த்துவிட்டுப் பேசினார். நாம் அட்டவணையைத் திறந்து பார்த்துவிட்டுச் சட்டியைக் குறை சொல்கிறோம்.

நம் மாவட்டங்களுக்கே வருவோம். 2019 ஏப்ரல் 18, வாக்குப்பதிவு நாள், பொன்பரப்பி. சிறுத்தைகளின் சின்னமான பானையைத் தெருவில் போட்டு உடைத்தார்கள். தகராறு முற்றி, தலித் குடியிருப்பில் புகுந்த கும்பல் வீடுகளை அடித்து நொறுக்கியது. மனை என்றால் ஓடும் சட்டிபானையும் மட்டும் இல்லை, அடுத்த நாள் காலையில் அது நின்றுகொண்டிருக்கும் என்ற நம்பிக்கை. வீட்டுக் கடனும் வீட்டு அலங்காரமும் சொல்லித்தரும் பாடம் அந்த நம்பிக்கையைப் பற்றி வாய் திறக்காவிட்டால் அது யார் வீட்டுக்கான பாடம்?

இன்னொரு பக்கமும் உண்டு. மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகள், செந்துறை வட்டம் குழுமூர் அனிதா, பன்னிரண்டாம் வகுப்பில் 1176 மதிப்பெண் எடுத்தும் நீட் அவரை மருத்துவக் கல்லூரி வாசலில் நிறுத்தியது. 2017 செப்டம்பர் 1 அன்று அவரை இழந்தோம். உயரத்தில் இருக்கும் கதவை அடைத்துவிட்டு, நம் பெண்களைப் பார்த்து "உனக்கு இந்த குரூப் போதும்மா" என்பவர்கள் இருக்கும் வரை மனையியல் மீது நம் வீடுகளுக்குச் சந்தேகம் இருக்கத்தான் செய்யும். அந்தச் சந்தேகம் ஹாம்டனில் கிட்ரெலுக்கும் இருந்தது. பாடத்தை ஒழித்துக்கட்டு என்பது என் வாதமில்லை. அதைப் படித்த தலித் பெண் சமையல்கூடத்தை மேற்பார்வையிடும் அதிகாரியாகவும், பாடநூல் எழுதும் குழுவிலும் வர வேண்டும் என்பதுதான்.

உடனே செய்யக்கூடிய ஒரு வேலை இருக்கிறது. சத்துணவு சமையலர், உதவியாளர் நியமனத்தில் தலித்துகள், பழங்குடிகளுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2004 ஏப்ரல் 20 அன்றே உத்தரவிட்டது. பெரம்பலூர் மாவட்டத்தில் நான்கு ஒன்றியங்கள்: பெரம்பலூர், ஆலத்தூர், வேப்பூர், வேப்பந்தட்டை. அரியலூரில் ஆறு: அரியலூர், திருமானூர், செந்துறை, ஜெயங்கொண்டம், ஆண்டிமடம், தா.பழூர். ஒவ்வொன்றிலும் எத்தனை சமையலர்கள், அவர்களில் பட்டியல் சாதியினர் எத்தனை பேர், அவர்கள் சமைப்பது ஊர்ப் பள்ளியிலா, காலனிப் பள்ளியிலா என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள் தோழர்களே. மனுவுக்குப் பத்து ரூபாய். கடைசிக் கேள்வியை மட்டும் விட்டுவிடாதீர்கள், அதற்குத்தான் பதில் தர மாட்டார்கள். மேல்முறையீடு செய்யுங்கள்.