காணிக்கையும் கணக்கேடும்

நம் நெல்லைச் சீமைத் திருச்சபைகளில் அறுப்பின் பண்டிகையன்று, ஆராதனை முடிந்தபின் ஆலய முற்றத்தில் ஏலம் நடைபெறுவதைக் காணாதார் இரார். தாமிரபரணிக் கரையில் விளைந்த வாழைத்தாரொன்று சந்தை விலைக்குப் பன்மடங்கு உயர்த்திக் கேட்கப்படுகிறது. கேட்பவர் முகத்திலும் மகிழ்ச்சி. சபையார் முகத்திலும் மகிழ்ச்சி. அப்பணம் ஆண்டவருக்கென்று கொடுக்கப்படுவதாதலின் அதனைக் குறைகூற யாம் துணியோம். ஆயினும், ஞாயிறன்று இவ்வாறு கைதாராளம் காட்டிய வியாபாரி, திங்கட்கிழமை காலையில் தம் மண்டிக்குத் தார் கொணர்ந்த விவசாயியிடம், காய் சிறுத்தது, தோல் கறுத்தது என்று சொல்லி விலையைக் குறைத்து, அந்தக் குறைந்த தொகையையும் பதினைந்து நாள் கழித்தே தருவாராயின், முன்னாள் அவர் செலுத்திய காணிக்கை யாருடைய பணம்?

சகேயுவின் வரலாற்றை நம் ஞாயிறு பள்ளிச் சிறாரும் அறிவர். அவன் மரத்தில் ஏறியதைக் குறித்து விருப்பத்தோடு பாடுகிறோம். இறங்கியபின் செய்ததைக் குறித்து அத்துணை விருப்பத்தோடு பேசுகின்றோமில்லை. ஆண்டவரைத் தன் வீட்டில் ஏற்றுக்கொண்ட அம்மனிதன் ஆலயத்திற்கு மணி வாங்கித் தருவதாகச் சொல்லவில்லை. தன் ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்கு ஒதுக்கியதோடு, அநியாயமாய்ப் பறித்தது உண்டாயின் அதனை நான்கு மடங்காய்த் திருப்புவதாகவும் ஒப்புக்கொண்டான். அஃதாவது, தன் கணக்கேட்டைத் திறந்து வைத்தான்.

நம் நாட்டில் சுவிசேஷம் வேரூன்றிய நாட்களில் இவ்வுண்மை மறக்கப்படவில்லை. 1820ஆம் ஆண்டில் பாளையங்கோட்டைக்கு வந்த இரேனியஸ் ஐயர் 1830இல் தர்ம சங்கத்தை ஏற்படுத்தினார். விசுவாசத்திற்கு வந்த ஏழைகள் தம் குடியிருப்பினின்று துரத்தப்படாதபடி நிலம் வாங்கி ஊரமைத்துக் கொடுப்பதே அதன் வேலை. 1844இல் கால்டுவெல் ஐயரை மணந்து இடையன்குடியில் வாழ்ந்த எலைசா அம்மையார் அவ்வூர்ப் பெண்களுக்கு ரேந்தைப் பின்னல் கற்பித்தார். அவருடைய தாயார் மார்த்தா மால்ட் அம்மையார் நாகர்கோவிலில் தொடங்கிய அத்தொழிலின் கூலியைச் சேர்த்து, அடிமைப் பெண்கள் சிலர் தம் விடுதலையையே விலைகொடுத்து வாங்கினர். ஒழுங்காய்க் கொடுக்கப்பட்ட கூலி இத்துணைப் பெரிய காரியத்தைச் செய்யும்.

இனி, நமக்கு நாணம் தரும் வரலாறொன்று உண்டு. அக்காலத்தில் திருநெல்வேலி ஜில்லாவைச் சேர்ந்திருந்த தூத்துக்குடியில், கோரல் மில் தொழிலாளர் 1908ஆம் ஆண்டு பிப்ரவரி 27ஆம் நாள் வேலைநிறுத்தஞ் செய்தனர். கூலி உயர்வும், வேலைநேரக் குறைப்பும், வாரத்திற்கொரு நாள் ஓய்வும் வேண்டுமென்பதே அவர் கேள்வி. அவ்வாலையை நடத்தியோர் ஞாயிற்றுக்கிழமையை ஆசரிக்கும் தேசத்தினின்று வந்த ஹார்வி கம்பெனியார். அவ்வேழைகளுக்காக முன்னின்று பேசி, வேலையிழந்த நாட்களில் அவர் பட்டினி கிடவாதபடி ஊராரிடம் பொருள் திரட்டியவரோ, சைவ சித்தாந்தப் பயிற்சி மிக்க வக்கீல் வ. உ. சிதம்பரம் பிள்ளையவர்கள். மார்ச்சு முதல் வாரத்தில் நிர்வாகத்தார் இணங்கினர். கூலி உயர்ந்தது, வேலைநேரம் குறைந்தது, ஞாயிறு விடுமுறையாயிற்று. அடுத்த சில நாட்களில், மார்ச்சு 12ஆம் நாள், பிள்ளையவர்கள் சிறைப்பட்டார். ஓய்வுநாட் கட்டளை வேலைக்காரனுக்கும் வேலைக்காரிக்கும், ஏன், மிருகஜீவனுக்குங்கூட உரியதென்று வேதத்தில் கற்ற நாம், அதனைக் கூலியாளுக்குப் பெற்றுத் தந்தவர் யாரென்பதை மறத்தல் தகுமோ? இதனை எண்ணுந்தோறும் எம் மனம் குன்றுகின்றது.

அது முதலாளிகளான அந்நியர் குற்றம் என்று சொல்லி நாம் விலகிக்கொள்ளவும் இயலாது. 2003இல் தமிழக அரசு கந்துவட்டியைத் தடுக்கச் சட்டம் இயற்றியது. அதன்பின்னரும், 2017 அக்டோபரில், கந்துவட்டித் தொல்லை தாளாத கூலித் தொழிலாளி ஒருவரும் அவர் மனைவியும் இரு சிறு குழந்தைகளும் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகத்திலே தீக்கிரையாயினர். அக்கொடுமை நிகழ்ந்த இடத்திற்கும் நம் ஆலயக் கோபுரங்களுக்கும் தூரம் அதிகமில்லை. வட்டிப்பணத்தால் வந்த நன்கொடையை எச்சபையேனும் வேண்டாமென்று திருப்பியதுண்டோ? எவ்வளவு கொடுத்தார் என்று கேட்டுப் பளிங்குக் கல்லில் பெயர் பொறிக்கின்றோம். எவ்வழியில் ஈட்டினார் என்று கேட்பதற்கு நம் கமிட்டிகளில் ஒருவருக்கும் நாவெழுவதில்லை. கேட்டால் அடுத்த ஆண்டு நன்கொடை வாராதென்னும் அச்சமே காரணம், இதனை ஒளிப்பானேன்?

போட்டி மிகுந்த இக்காலத்தில் நேர்மை செல்லாது என்பார் பலர். நேர்மையே லாபம் தரும் என்று அவருக்கு மறுமொழி கூறுவாரும் உளர். யாம் அவ்வாறு கூறோம். சரியான தராசு பல வேளைகளில் நஷ்டமே தரும். பக்கத்துக் கடைக்காரன் கொழுப்பான். இந்நஷ்டத்தை முன்னரே கணக்கிட்டுக்கொள்ளாதவன் சிலுவையைக் குறித்துப் பேசாதிருத்தல் நலம்.

இக்கலாசாலையினின்று வெளியேறும் மாணவருள் சிலர் நாளை கடை வைப்பர், சிலர் பாங்கிலமர்வர், சிலர் சபைக் கமிட்டியிலும் இடம் பெறுவர். கமிட்டியிலமர்வோருக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த அறுப்பின் பண்டிகையில் ஏலங்கூறுவோர் வாழைத்தாரை உயர்த்திப் பிடிக்குமுன், கேட்க வந்திருக்கும் கனவான்களை நோக்கி, உங்கள் ஆட்களுக்கு இவ்வாரக் கூலி கொடுத்தாயிற்றா என்று ஒருமுறை வினவச் செய்யுங்கள். அவ்வாண்டு ஏலத்தொகை குறையினும் குறையட்டும்.