கப்பலில் அப்பளம் பொரிக்க அடுப்பு உண்டா?

அம்பாசமுத்திரம் பக்கத்து வீடுகளில் வெளியூருக்குக் கிளம்புவது என்றால் மூட்டை கட்ட ஒரு கணக்கு உண்டு. ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் கல்லிடைக்குறிச்சியிலிருந்து அப்பளம் இரண்டு கட்டு, மிளகாய்ப்பொடி ஒரு டப்பா, வழிக்குப் புளியோதரை, மாற்றுத்துணி, ஒரு பழைய துண்டு. சென்னையில் இருக்கும் மகள், அப்பாவின் அறுபதாம் கல்யாணப் பரிசாக இருவருக்கும் கப்பல் டிக்கெட் போட்டிருப்பதாகப் போனில் சொன்னால், அம்மாவின் முதல் கேள்வி அனேகமாக இப்படித்தான் வரும்: "ஏட்டி, கப்பல்ல அப்பளம் பொரிக்க அடுப்பு உண்டுமா?"

இரண்டாவது கேள்வியை அம்மா வாய்விட்டுக் கேட்கமாட்டார். 'நடுக்கடல்ல அப்பாவுக்குச் சுகர் இறங்கிட்டுன்னா என்ன செய்ய?' பல வீடுகளில் பெரியவர்கள் "நீங்க போயிட்டு வாங்க, எங்களுக்கு எதுக்கு கப்பலும் கடலும்" என்று ஒதுங்கிக்கொள்வது இந்தப் பயத்தால்தான். பயம் நியாயமானது. ஆனால் பாதிப் பயத்தைப் பை கட்டும்போதே போக்கிவிடலாம்.

நெல்லைச் சீமைக்குக் கப்பல் ஒன்றும் புதிதல்ல. வ.உ.சிதம்பரனார் 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியது தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விடத்தான். அன்று பிழைப்புக்காகவும் வியாபாரத்துக்காகவும் கப்பல் ஏறினார்கள். இன்று ஓய்வுக்காக ஏறுகிறார்கள். 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து கோர்டிலியா நிறுவனத்தின் 'எம்ப்ரஸ்' சொகுசுக் கப்பல் பயணம் தொடங்கியது. 2023 ஜூனில் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று இலங்கைக்கும் போனது. தேதிகளும் துறைமுகங்களும் ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால், பதிவு செய்வதற்கு முன் அந்த ஆண்டின் பட்டியலைப் பார்த்துவிடுங்கள்.

பெயரைச் சரிபாருங்கள்

உள்நாட்டுத் துறைமுகங்களுக்கு மட்டும் போகிற கப்பல் என்றால் ஆதார் போன்ற அடையாள அட்டை போதும். இலங்கைக்குப் போகிற கப்பல் என்றால் பாஸ்போர்ட் வேண்டும். அதுவும் பயண நாளிலிருந்து குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். இலங்கைக்கான நுழைவு அனுமதியை நீங்கள் வாங்க வேண்டுமா, கப்பல்காரர்கள் பார்த்துக்கொள்வார்களா என்பதைப் பதிவு செய்யும்போதே கேட்டு மின்னஞ்சலில் பதில் வாங்கி வையுங்கள்.

நம் ஊர்க்காரர்களுக்கு உள்ள தனிச் சிக்கல் இனிஷியல். ஆதாரில் இனிஷியலோடு ஒரு பெயர் இருக்கும். பாஸ்போர்ட்டில் அதுவே அப்பா பெயரோ கணவர் பெயரோ விரிந்து நீளமாக இருக்கும். எந்த ஆவணத்தைத் துறைமுகத்தில் காட்டப் போகிறீர்களோ, டிக்கெட்டில் எழுத்துக்கு எழுத்து அதே பெயர் இருக்கட்டும். பாஸ்போர்ட் இல்லாதவர்களுக்குத் திருநெல்வேலியிலேயே சேவை மையம் இருக்கிறது. போலீஸ் விசாரணைக்கும் நாள் பிடிக்கும். முதலில் பாஸ்போர்ட், பிறகு டிக்கெட் என்ற வரிசையே நல்லது.

கைப்பைதான் முதல் பை

முதல்முறை போகிறவர்கள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். துறைமுகத்துக்குள் நுழைந்ததும் பெரிய பெட்டிகளை வாங்கிக்கொண்டு அட்டை கட்டி அனுப்பிவிடுவார்கள். அவை சோதனை முடிந்து உங்கள் அறை வாசலுக்கு வந்து சேரச் சில மணி நேரம் ஆகும். மதியம் கொடுத்த பெட்டி சாயங்காலம் வரலாம், ராத்திரியும் ஆகலாம். அப்பாவின் சர்க்கரை மாத்திரையும் அம்மாவின் பிரஷர் மாத்திரையும் அந்தப் பெட்டிக்குள் இருந்தால் என்ன ஆகும்?

அதனால் கைப்பையை முதலில் கட்டுங்கள். அதில் இருக்க வேண்டியவை:

• பயண நாள்களைப் போல இரண்டு மடங்கு மாத்திரை. அட்டையிலிருந்து பிரித்து டப்பாவில் கொட்டாமல் அட்டையோடு. கூடவே டாக்டர் எழுதிய சீட்டு.

• இன்சுலின் போடுபவர்களுக்குக் குளிர்ப்பை. அறையில் சின்ன ஃபிரிட்ஜ் உண்டா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

• சர்க்கரை இறங்கினால் சட்டென்று வாயில் போட குளுக்கோஸ் அல்லது மிட்டாய்.

• மூக்குக்கண்ணாடி, காதுக்கருவியின் பேட்டரி, போன் சார்ஜர், அடையாள அட்டை, டிக்கெட் நகல்.

• ஒரு மாற்று உடை, ஒரு சால்வை. உள்ளே ஏ.சி. குளிர் அதிகம்.

இவ்வளவும் கையில் இருந்தால், பெட்டி எப்போது வந்தாலும் கவலை இல்லை. கப்பலில் டாக்டர் இருப்பார்; ஆனால் தனிக் கட்டணம். உங்கள் மாத்திரை அங்கே கிடைக்கும் என்று நம்பிப் போகக் கூடாது. இதய நோய், சமீபத்தில் ஆபரேஷன், சக்கர நாற்காலி என்று எது இருந்தாலும் பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள். கர்ப்பிணிகளுக்கும் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்கும் பல கப்பல்களில் கட்டுப்பாடு உண்டு.

பெரிய பையில் என்ன?

கப்பல் அறை நம் வீட்டுப் பூஜை அறையைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடக்கூடிய மெத்தென்ற பை வசதி. மூன்று நாள் பயணத்துக்கு ஆறு பட்டுப்புடவை வேண்டாம். ராத்திரி விருந்துக்கு ஒன்று போதும். மற்ற நேரங்களுக்குச் சுருங்காத, எளிதில் காயும் துணிகள். மேல்தளத்தில் காற்று புடவையைப் பிடித்து இழுக்கும். பின்களை மறக்காதீர்கள், சுடிதார் இன்னும் சௌகரியம். வழுக்காத ரப்பர் செருப்பு அவசியம்.

நீச்சல் குளத்தில் இறங்க ஆசை இருந்தால் அதற்குரிய நைலான் உடை வேண்டும். தாமிரபரணியில் குளிப்பதுபோல மாரில் கட்டிய பாவாடையோடு இறங்க விடமாட்டார்கள்.

பேரப்பிள்ளைகள் கூட வந்தால், அம்பாசமுத்திரத்து மரச் சொப்புச் சாமான் ஒரு பை எடுத்து வையுங்கள். கடலில் இன்டர்நெட் இருக்காது, இருந்தாலும் காசு. சொப்புக்குச் சார்ஜும் தேவையில்லை.

வீட்டிலேயே இருக்கட்டும்

இஸ்திரிப் பெட்டி, வெந்நீர் போடும் கம்பிச்சுருள், மின்சாரக் கெட்டில், தீப்பெட்டி, சூடம், ஊதுபத்தி, மெழுகுவர்த்தி, கத்தி, மதுபானம் ஆகியவை கப்பலுக்கு ஆகாதவை. நடுக்கடலில் தீப்பிடித்தால் ஓட இடமில்லை. அதனால்தான் இந்தக் கண்டிப்பு. சூடம் ஏற்றாமல் சாமி கும்பிட்டால் சாமி கோபித்துக்கொள்ளாது.

வீட்டில் சமைத்த சாப்பாட்டையும் பொதுவாக அனுமதிப்பதில்லை. புளியோதரையை ரயிலிலேயே முடித்துவிடுங்கள். சீல் வைத்த பாக்கெட் பொருள்களைச் சில கப்பல்களில் விடுவார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். சைவமா, பூண்டு வெங்காயம் சேர்க்காதவரா என்பதை முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டால் சாப்பாட்டுக் கவலை குறையும்.

தலைசுற்றலுக்கு

பெரிய கப்பல் படகுபோல ஆடாது. ஆனாலும் சிலருக்குக் குமட்டும். அறை எடுக்கும்போது கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் கேளுங்கள். அங்கே ஆட்டம் குறைவு. குமட்டினால் வெளியே வந்து தூரத்துத் தொடுவானத்தைப் பாருங்கள். வெறும் வயிறும் ஆகாது, வயிறு முட்டவும் ஆகாது. இஞ்சி மரப்பா பையில் இருக்கட்டும். மாத்திரை வேண்டுமானால் ஏற்கெனவே சாப்பிடும் மருந்துகளோடு ஒத்துப்போகுமா என்று உங்கள் டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள். சில மாத்திரைகள் தூக்கத்தை வரவழைக்கும். வயதானவர்கள் தடுமாறி விழக் கூடாது.

மாதமும் முக்கியம். குற்றாலத்தில் சாரல் அடிக்கும் ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்குக் கடற்கரையில்தான் கடல் அதிகம் கொந்தளிக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக்கடலில் புயல் காலம். அப்போது பயணம் தள்ளிப்போனாலும் வழி மாறினாலும் பணம் திரும்பக் கிடைக்குமா என்பதைப் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

போனும் பணமும்

கரை மறைந்ததும் சிக்னல் போய்விடும். அதன்பின் போன் தானாகவே கப்பலின் சாட்டிலைட் நெட்வொர்க்கைப் பிடித்துக்கொண்டால், ஊர் திரும்பியதும் பில் வந்து நிற்கும். கப்பல் கிளம்பியதும் 'ஏரோபிளேன் மோட்' போட்டுவிடுங்கள். 'இரண்டு நாள் போன் எடுக்கமாட்டோம், இந்தத் தேதியில் திரும்புவோம்' என்று வீட்டில் சொல்லிவிட்டால் அவர்கள் பதறமாட்டார்கள்.

டிக்கெட்டில் அறையும் சாப்பாடும் அடங்கும். துறைமுகக் கட்டணம், வரி, ஊழியர்களுக்கான சேவைத் தொகை, கரையில் இறங்கிச் சுற்றுவது எல்லாம் தனியாக வரக்கூடும். மொத்தக் கணக்கை முன்பே கேளுங்கள். உள்ளே வாங்குவதெல்லாம் ஒரு கார்டில் பதிவாகும். கையில் காசு கொடுக்காததால் செலவே தெரியாது. தினம் ராத்திரி கணக்கைப் பார்த்துவிடுவது நல்லது.

ஒரு நாள் முன்பே

அம்பாசமுத்திரத்திலிருந்து திருநெல்வேலி சுமார் 35 கிலோமீட்டர். அங்கிருந்து ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் சென்னை, மத்தியானம் கப்பல். கணக்கு சரியாகத்தான் தெரியும். ஆனால் ரயில் தாமதமானால் கப்பல் காத்திருக்காது, பணமும் திரும்பாது. ஒரு நாள் முன்னதாகவே போய் மகள் வீட்டில் தங்கிவிடுங்கள். கப்பல் ஏறியதும் பாதுகாப்பு ஒத்திகை நடக்கும். லைஃப் ஜாக்கெட் எங்கே, எந்த இடத்தில் கூட வேண்டும் என்பதை அப்பா அம்மா இருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். 'ஒருத்தர் பார்த்தால் போதும்' என்று அறையில் உட்கார்ந்துவிடக் கூடாது.

கிளம்புவதற்கு முந்தின இரவு, அம்மாவிடமே கைப்பையைக் கொடுத்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அப்பாவின் மாத்திரை எந்த அறையில், சீட்டு எங்கே, மிட்டாய் எங்கே என்று அவர் கைக்குத் தெரிந்துவிட்டால், வாய்விட்டுக் கேட்காத அந்த இரண்டாவது கேள்விக்கும் பதில் கிடைத்துவிடும்.

முதல் கேள்விக்கான பதிலையும் சொல்லிவிடலாம். கப்பலில் அடுப்பு உண்டு, நம் கைக்கு எட்டாது. அப்பளக் கட்டை மகள் வீட்டில் வைத்துவிட்டுப் போனால், திரும்பி வந்த அன்று ரசத்தோடு பொரித்துக்கொள்ளலாம்.