வண்டிக்கும் பல் உண்டு

கண்ணபுரத்து மாட்டுச் சந்தைக்கோ அந்தியூர்ச் சந்தைக்கோ காளை வாங்கப் போகும் கொங்கு நாட்டு உழவர், கொம்பின் அழகையும் தோலின் மினுமினுப்பையும் கண்டு மயங்கிவிடுவதில்லை. வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார். இரண்டு பல்லா, நான்கு பல்லா, ஆறு பல்லா, கடை சேர்ந்ததா என்று தெரிந்துகொண்ட பிறகுதான் துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசுவார். அதே உழவரின் பேரன் பழைய கார் வாங்கப் போனால் என்ன செய்கிறான்? பெயரைக் கேட்கிறான், வண்ணத்தைப் பார்க்கிறான், முன்பணம் கொடுத்துவிடுகிறான். "அம்பாசிடர் என்றால் அம்பாசிடர்தானே, இதில் எந்த வருஷமாக இருந்தால் என்ன?" என்று நம்மையே திருப்பிக் கேட்கிறான்.

இந்தக் கேள்விக்கு விடை சொல்லவே இக்கட்டுரை. ஒரே பெயரில் ஓடும் இரண்டு வண்டிகள் இரண்டு வேறு வண்டிகளாக இருக்கலாம். அந்த வேறுபாட்டைப் படிக்கத் தெரிந்திருப்பது பணக்காரர்களின் பொழுதுபோக்கு அன்று. அது வரலாற்று அறிவு, சில வேளைகளில் உயிர் காக்கும் அறிவு என்பது என் துணிபு.

ஆண்டுதோறும் காரின் தோற்றத்தை மாற்றி விற்கும் வழக்கத்தை 1920-களில் அமெரிக்காவில் வேரூன்றச் செய்தவர், ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் தலைவராக இருந்த ஆல்பிரட் ஸ்லோன். சென்ற ஆண்டு வாங்கியவனுக்குத் தன் வண்டி பழசாகிவிட்டது என்ற ஏக்கம் வர வேண்டும் என்பதே அதன் உட்கருத்து. அந்நிறுவனத்தின் புகழ் பெற்ற பந்தயப் பாங்குக் காரான ஷெவர்லே கார்வெட்டை எடுத்துக்கொள்வோம். 1953-இல் முதன்முதலாக வந்தபோது 300 வண்டிகள்தாம் செய்யப்பட்டன. எல்லாம் வெள்ளை நிறம். ஆறு சிலிண்டர் இஞ்சின். கதவுக்கு வெளிப்பக்கம் கைப்பிடியே கிடையாது! 1955-இல் எட்டு சிலிண்டர் வி-8 இஞ்சின் வந்தது. 1956-இல்தான் ஏற்றி இறக்கும் கண்ணாடியும் வெளிக் கைப்பிடியும் வந்தன. 1958-இல் விளக்குகள் இரண்டு நான்காயின. பானெட்டின் மேல் காற்றுப் போகாத பொய்க் காற்றுத்துளைகளும், டிக்கியின் மேல் பளபளக்கும் குரோமியப் பட்டைகளும் ஏறின. மறு ஆண்டே இந்தப் பொய்த் துளைகளும் பட்டைகளும் காணாமற் போயின. 1963-இல் பின்கண்ணாடி நடுவில் ஒரு தண்டோடு இரண்டாகப் பிளந்து வந்தது. பின்னால் வருவது தெரியவில்லை என்ற குறை எழவே, 1964-இல் ஒரே கண்ணாடியாயிற்று. 1965-இல் நான்கு சக்கரங்களுக்கும் டிஸ்க் பிரேக் வந்தது.

இந்தப் பட்டியலைக் கூர்ந்து நோக்கினால் மாற்றங்கள் மூன்று வகை என்பது விளங்கும். ஒன்று, விற்பதற்காகச் செய்த ஒப்பனை: 1958-இன் பொய்த் துளைகள். இரண்டு, தவற்றைத் திருத்தியது: 1964-இன் கண்ணாடி. மூன்று, உண்மையான முன்னேற்றம்: 1965-இன் பிரேக். விளம்பரத்தில் மூன்றும் ஒரே மொழியில்தான் பேசும். "புதியது, புதியது!" என்று மூன்றுமே கூவும். எது எந்த வகை என்று பிரித்தறிவது வாங்குபவனின் கடமையாகிவிடுகிறது.

பிரித்தறியத் தவறினால் என்னவாகும்? அதே நிறுவனத்தின் மற்றொரு வண்டியான கார்வேர் அதற்குச் சான்று. 1960-ஆம் ஆண்டு மாடலாக வந்த இந்த வண்டியின் இஞ்சின் பின்புறத்தில் இருந்தது. பின்சக்கரங்களைத் தாங்கிய அச்சுகள் நடுவில் மட்டும் மூட்டுப் போட்டவை. பறவையின் இறக்கை போல இருபுறமும் ஏறி இறங்குபவை. வேகமாக வளைவில் திரும்பும்போது வண்டியின் பின்பாகம் மேலெழும்பி, வெளிப்பக்கச் சக்கரம் உள்ளுக்கு மடங்கக்கூடும். அப்போது பிடிமானம் போகும், பின்புறம் வழுக்கும். இதைச் சமாளிக்க முன்டயர்களுக்கு 15 பவுண்டு, பின்டயர்களுக்கு 26 பவுண்டு காற்று என்று கம்பெனி குறித்திருந்தது. நான்குக்கும் ஒரே அளவில் காற்றுப் பிடிக்கும் பழக்கமுள்ள ஓட்டுநருக்கு இந்த வேறுபாட்டின் அருமை எப்படித் தெரியும்?

1964-ஆம் ஆண்டு மாடலில் அந்த அச்சுக்குத் துணையாகக் குறுக்கே ஒரு பட்டை வில் சேர்த்தார்கள். 1965-இல் பின்புற அமைப்பையே மாற்றிவிட்டார்கள். அதே 1965-இல்தான் ரால்ப் நேடர் என்ற இளம் வழக்கறிஞர் கார்களின் ஆபத்தைப் பற்றிய தம் நூலை வெளியிட்டார். அதன் முதல் அதிகாரமே கார்வேரைப் பற்றியது. அவரைப் பின்தொடர்ந்து வேவு பார்க்க ஆள் வைத்ததற்காக, 1966-இல் ஜெனரல் மோட்டார்ஸ் தலைவர் செனட் குழுவின் முன் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. அவ்வாண்டே அமெரிக்காவில் வாகனப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. 1972-இல் வெளியான அரசு ஆய்வு, அந்த வண்டி தன் காலத்து மற்ற வண்டிகளைவிட மோசமானதன்று என்று முடிவு கூறியது என்பதையும் நேர்மையோடு சொல்லிவிட வேண்டும். ஆயினும் ஒன்று உறுதி. 1963 மாடலும் 1965 மாடலும் பெயரால் ஒன்று. வளைவில் திரும்பும்போது இரண்டு.

"அமெரிக்காக்காரன் கதை நமக்கெதற்கு?" என்று நண்பர்கள் கேட்கலாம். இதே அச்சு நம் சென்னையிலும் செய்யப்பட்டது. இங்கிலாந்தில் 1959-இல் வெளியான டிரையம்ப் ஹெரால்டு என்ற காரை, 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் சென்னையில் தயாரித்தார்கள். இத்தாலியச் சிற்பி மிக்கெலோட்டி வரைந்த அழகிய உருவம். முன்பாகம் முழுவதும் ஒரே மூடியாக முன்னோக்கித் திறக்கும். டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற பந்தயப் பாங்குக் கார் இதே அடிச்சட்டத்தைக் குறுக்கிச் செய்ததுதான். இங்கிலாந்தில் இஞ்சின் 948 சி.சி.யிலிருந்து 1147-க்கும் பின்பு 1296-க்கும் வளர்ந்தது. நம் நாட்டிலோ கடைசிவரை 948 தான்! ஆனால் இங்கிலாந்தில் இல்லாத நான்கு கதவு உடலை நம்மவர்கள் இங்கேயே உண்டாக்கினார்கள். 1972-இல் கஸல் என்று பெயர் மாறி வந்தபோது, நம் சாலைகளுக்கும் நம் மெக்கானிக்குகளுக்கும் ஒத்துவராத அந்த இறக்கை அச்சை எடுத்துவிட்டு ஒரே உருட்டான பின் அச்சைப் பூட்டினார்கள். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளை எண்ணிப் பாருங்கள். அந்த மலையில் ஹெரால்டுக்கும் கஸலுக்கும் உள்ள வேறுபாடு ஏட்டு வேறுபாடா?

நம் நாட்டு நோய் அமெரிக்க நோய்க்கு நேர் எதிரானது. அங்கே தேவையின்றி மாற்றினார்கள். இங்கே தேவை இருந்தும் மாற்றவில்லை. உரிம முறையும் இறக்குமதித் தடையும் நிலவிய காலத்தில், முக்கியமாக மூன்றே கம்பெனிகள் கார் செய்தன. பணத்தைக் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த மக்கள், கிடைத்ததை வாங்கினார்கள். இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையைத் தழுவி 1950-களின் இறுதியில் தொடங்கிய அம்பாசிடர், 2014 மே மாதம்வரை வங்காளத்து உத்தர்பாராவில் செய்யப்பட்டது. 1962-இல் மார்க் 2. 1975-இல் மார்க் 3. 1979-இல் மார்க் 4. நெருக்கமான கட்டங்கள் போட்ட முன்சல்லடை என்றால் மார்க் 2. தடித்த படுக்கைப் பட்டைகள் என்றால் மார்க் 3. சிறிய சல்லடையும் பெரிய கட்டங்களும் தனியே நீள்சதுர விளக்கும் இருந்தால் மார்க் 4. மூக்குத்தி மாறியதே தவிர மூக்கு மாறவில்லை என்று சொல்லலாம். அதே நேரத்தில், 1959-இல் பழைய பக்கவால்வு இஞ்சின் போய் 1489 சி.சி. மேல்வால்வு இஞ்சின் வந்தபோது பெயரில் எந்த மாற்றமும் இல்லை. ஒப்பனை மாறினால் பெயருக்கு எண் சேர்ந்தது. இதயம் மாறியபோது சேரவில்லை! 1983 டிசம்பரில் வந்த மாருதி 800-க்கும் 1986-இல் அதே பெயரில் வந்ததற்கும் உடலே வேறு என்பதும் இத்தகையதே.

போத்தனூர்ப் பக்கம் என் சித்தப்பா ஒரு பட்டறை வைத்திருக்கிறார். அங்கே எழுபது வயதைத் தாண்டிய மெக்கானிக் ஒருவர் உண்டு. நான் எந்த வண்டியின் முன்னால் நின்று "இது என்ன மாடலுங்க?" என்று கேட்டாலும் அவர் சொல்லும் விடை ஒன்றே: "மூஞ்சியப் பாக்காத கண்ணு, அடியில படுத்துப் பாரு." காரணம் இருக்கிறது. மார்க் 2 வண்டிக்கு மார்க் 4 சல்லடையை மாட்டி ஓட்டியவர்கள் ஏராளம். கழற்றிய பழைய சல்லடை உக்கடத்துப் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போயிருக்கும். எந்தப் பாகம் எந்த ஆண்டுக்கு உரியது என்பது அந்தப் பெரியவரின் விரல் நுனியில் இருக்கிறது. ஆனால் ஒரு தாளில்கூட எழுதப்படவில்லை. அவருக்குப் பின் அதை யார் சொல்வார்?

இது இன்று வெறும் ஆதங்கம் அன்று, சட்டத்தோடு தொடர்புடையது. 2021 ஜூலையில் மத்திய அரசு பழம்பெரும் வாகனங்களுக்குத் தனி விதி வகுத்தது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட, வாடகைக்கு ஓட்டாத இருசக்கர, நான்குசக்கர வண்டிகளுக்குத் தனிப் பதிவு எண் உண்டு. ஆனால் அடிச்சட்டம், உடல், இஞ்சின் ஆகியவை பெரும் மாற்றமின்றி மூல வடிவில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. மூல வடிவம் எது என்று சொல்ல ஆண்டுவாரியான குறிப்பு வேண்டாமா? கார்வெட்டுக்கு ஆண்டுக்கு ஆண்டு, திருகாணி முதற்கொண்டு எழுதி வைத்த நூல்கள் அமெரிக்காவில் அடுக்கடுக்காக இருக்கின்றன. சென்னையிலே செய்த ஹெரால்டைப் பற்றித் தமிழில் அப்படி ஒரு நூலை நான் இதுவரை கண்டதில்லை.

"அரசுக் கல்லூரியில் படிக்கும் நாம் பேருந்துச் சலுகைச் சீட்டில் வருபவர்கள், நமக்கேன் கார் ஆராய்ச்சி?" என்று என் வகுப்புத் தோழர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. இரண்டு விடைகள் சொல்கிறேன். வெள்ளலூரில் கிடைத்த உரோமானிய நாணயங்களை நாம் பாடத்தில் படிக்கிறோம். தலையும் எழுத்தும் பார்த்து, இது அகஸ்டஸ் காலம், இது டைபீரியஸ் காலம் என்று பிரித்தல்லவா கொங்கு நாட்டு வாணிக வரலாற்றை எழுதினார்கள்? "எல்லாம் பழைய வெள்ளிக்காசு" என்று ஒருவர் மொத்தமாக உருக்கியிருந்தால் அந்த வரலாறு ஏது? காரின் சல்லடையும் ஒரு காலத்தின் முத்திரையே. அதில் அந்நாளைய சட்டம், பற்றாக்குறை, தொழிலாளியின் கைத்திறன் எல்லாம் பதிந்திருக்கின்றன.

இரண்டாவது விடை வயிற்றுக்கும் உயிருக்கும் நெருங்கியது. நம்மில் பெரும்பாலோர் என்றாவது ஒருநாள் வாங்கப்போகும் முதல் கார் பழைய காராகத்தான் இருக்கும். நம் நாட்டில் 2019 ஜூலை முதல்தான் எல்லாக் கார்களிலும் ஓட்டுநருக்குக் காற்றுப்பை கட்டாயமாயிற்று. அதற்கு முன்பு, ஒரே பெயருள்ள காரில் விலை குறைந்த வகையில் காற்றுப்பை இல்லாமலும் இருந்திருக்கலாம். வண்ணமும் பெயரும் ஒன்றே. மோதும் நேரத்தில் உயிர் தப்புவது வேறு. பல்லைப் பார்க்காமல் மாடு வாங்கினால் ஓர் உழவு கெடும். ஆண்டைப் பார்க்காமல் வண்டி வாங்கினால் ஒரு குடும்பமே கெடலாம்.

கோவை இதற்கு வழிகாட்டத் தகுதியான ஊர். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் ஓட்டத் தொடங்கிய ஜி.டி. நாயுடு இந்த மண்ணின் மைந்தர். அவர் பெயரைத் தாங்கிய கார் அருங்காட்சியகம் 2015-இல் அவிநாசி சாலையில் திறக்கப்பட்டது. மாருதி இஞ்சினைக் கொண்டு பந்தயக் கார்களை வடித்த கரிவர்தனும், 2005-இல் பார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயனும் நம் ஊரார். வண்டியைச் செய்யவும் ஓட்டவும் பழுது பார்க்கவும் தெரிந்த ஊர் இது. எழுதி வைக்க மட்டும் இன்னும் பழகவில்லை.

ஆகவே மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கிறேன். முதலாவது, நம் வரலாற்றுத் துறையும் தமிழ்த் துறையும் இணைந்து, பட்டறைப் பெரியவர்களின் வாய்மொழியை ஆண்டுவாரியாகப் பதிவு செய்யட்டும். விடுமுறையில் ஆளுக்கொரு பட்டறை என்று நாம் பிரித்துக்கொண்டால் போதும். இரண்டாவது, பழைய வண்டியைப் புதுப்பிப்பவர்கள், கழற்றும் பாகத்தை எடைக்குப் போடாமல், ஆண்டைக் குறித்துக் கட்டி வைக்கட்டும். மூன்றாவது, பழைய கார் வாங்கும் நண்பர்கள் பெயரை விட்டு ஆண்டையும் மாதத்தையும் வகையையும் கேட்கட்டும். பதிவுச் சான்றிதழைக் கையில் வாங்கிப் படிக்கட்டும்.

விற்பவன் பெயரைச் சொல்வான். ஆண்டைக் கேட்க வேண்டியவர்கள் நாம்தாம்.

(இளங்கலை வரலாறு, மூன்றாம் ஆண்டு)