கடல் வரைபடத்தில் நம் அடுக்கு எங்கே?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

கடலைப் பாடியவர் பலர். கடலில் சென்றவர் அதனினும் பலர். ஆனால் கடலின் ஆழத்தை அளந்து, எண்ணாக்கி, தாளில் எழுதிவைத்தவர் மிகச் சிலரே. அந்தச் சிலரின் வரலாற்றில் நம் சென்னைக்கும் ஓர் இடமுண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியின் எழுத்தராக இந்நகருக்கு வந்த அலெக்சாண்டர் டால்ரிம்பிள்தான் பின்னாளில், 1795-இல், பிரிட்டிஷ் கடற்படையின் முதல் நீரளவை அதிகாரியானார். சோழமண்டலக் கரையை அளந்த மைக்கேல் டாப்பிங் 1794-இல் இங்கே தொடங்கிய அளவைப் பள்ளியே கிண்டிப் பொறியியற் கல்லூரிக்கு வித்து. ஆகவே கடல் வரைபடத்தைப் பற்றிச் சென்னை மாணவன் ஒருவன் பேசுவது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது என்று நம்பியே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

இன்று கப்பலில் தாள் வரைபடத்தின் இடத்தை மின்னணுத் திரை பிடித்துக்கொண்டது. கரை, ஆழம், பாறை, மூழ்கிய கலம், கலங்கரை விளக்கம் ஆகியவை அதில் அடிப்படைப் படமாகத் தெரியும். அதன்மேல் ஊடுருவித் தெரியும் டிரேசிங் தாள்களை ஒவ்வொன்றாக வைப்பதுபோல், வேறு தகவல்களையும் வைக்கலாம். அப்படி வைக்கப்படுவனவே மேலடுக்குகள். எதை வைப்பது, எந்தக் குறியால் காட்டுவது, எந்தச் சொல்லுக்கு எது பொருள் என்று விதி வகுக்கிறது, 1921-இல் தோன்றி மொனாக்கோவில் இயங்கிவரும் சர்வதேச நீரளவையியல் அமைப்பு.

இவ்வமைப்பின் பழைய தரநிலை எஸ்-57. 2000-ஆம் ஆண்டில் வந்த அதன் 3.1-ஆம் பதிப்போடு அது உறையவைக்கப்பட்டது. புதிய பொருள்களை அதில் சேர்ப்பது எளிதாக இல்லாமற் போயிற்று. அக்குறையைப் போக்க 2010-இல் எஸ்-100 வந்தது. இதன் குடும்பத்தில் அடிப்படைப் படத்துக்கு எஸ்-101 என்று பெயர். கடலடித் தரையின் மேடுபள்ளத்துக்கு எஸ்-102, நீர்மட்டத்துக்கு எஸ்-104, மேற்பரப்பு நீரோட்டத்துக்கு எஸ்-111, பாதுகாக்கப்பட்ட கடற்பகுதிகளுக்கு எஸ்-122, அபாய அறிவிப்புகளுக்கு எஸ்-124 என அடுக்குக்கோர் எண் உண்டு. அடுக்குகள் ஒன்றோடொன்று எவ்வாறு இணைந்து செயற்பட வேண்டும் என்பதற்கும் எஸ்-98 என்று தனி விதி உண்டு. இவ்வகைத் திரைகளை 2026 ஜனவரி 1 முதல் கப்பல்களில் பயன்படுத்தலாம். 2029 ஜனவரி 1 முதல் புதிதாகப் பொருத்தப்படுவன யாவும் இவ்வகையாகவே இருத்தல் வேண்டும்.

'இதனால் நமக்கென்ன?' என்று நண்பர்கள் கேட்கலாம். தரநிலை என்பது வெறும் தொழில்நுட்ப விவகாரமன்று. அதில் பெயர் பெற்ற பொருளே திரையில் தோன்றும். திரையில் தோன்றுவதற்கே மாலுமி ஒதுங்குவான். பெயர் இல்லாதது அவனைப் பொறுத்தவரை கடலிலேயே இல்லை!

2012 மார்ச் 1 அன்று ஆலப்புழைக்கு அப்பால் 'பிரபு தயா' என்ற சரக்குக் கப்பல் மீன்பிடிப் படகொன்றில் மோதி ஐந்து மீனவர்கள் மாண்டனர். 2018 ஆகஸ்டு 7 அன்று முனம்பம் கடலில் 'ஓஷியானிக்' என்ற படகைக் கப்பலொன்று இடித்தது. அதிலிருந்தவருள் பெரும்பாலோர் நம் கன்னியாகுமரி மாவட்டத்தார். பிறகு 2020 ஆகஸ்டு 1 முதல் தென்மேற்குக் கடலில் சரக்குக் கப்பல்களுக்கும் மீன்பிடிப் படகுகளுக்கும் வழிகள் பிரிக்கப்பட்டன. வரவேற்கத்தக்க ஏற்பாடு. ஆனால் அது தென்மேற்குக் கடலுக்கானது. எண்ணூர், காட்டுப்பள்ளி, சென்னை என மூன்று துறைமுகங்களை அடுத்தடுத்துக் கொண்ட நம் கரைக்கு என்ன ஏற்பாடு?

என் தந்தை பட்டினப்பாக்கத்தில் பைபர் படகில் தொழில் செய்பவர். எங்கள் வீட்டில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். இரவில் வலை விட்டுக் காத்திருக்கையில் தொலைவில் தெரியும் கப்பலின் விளக்கு தம்மை நோக்கி வருகிறதா, விலகிப் போகிறதா என்று கணிப்பதே பெரிய கலை என்பார் அவர். பைபர் படகு ராடாரில் சரியாகத் தெரியாது; தானாக அடையாளம் அறிவிக்கும் கருவியோ, சர்வதேசப் பயணம் செய்யும் 300 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் போன்றவற்றுக்குத்தான் கட்டாயம். சென்ற ஆண்டு எங்கள் குப்பத்தார் ஒருவரின் வலையை அறுத்துக்கொண்டு போனது ஒரு கப்பல். எந்தக் கப்பல், யாரிடம் முறையிடுவது? கடைசி வரை தெரியவில்லை.

நம் கடலின் போக்குவரத்து காலத்தோடு மாறுவது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள், கிழக்குக் கரையில் விசைப்படகுகள் மீன்பிடிக்கச் செல்வதில்லை. தடை முடிந்ததும் காசிமேட்டு விசைப்படகுகள் ஒருசேரப் புறப்படும். நேற்று வரை வெறிச்சோடிக் கிடந்த நீர்ப்பரப்பு ஒரே இரவில் நிரம்பிவிடும். தாள் வரைபடம் இதைச் சொல்லாது. நாளும் நேரமும் குறித்த அடுக்கு சொல்லும். ஆனால் யாரேனும் அதனை ஆக்கித் தரவேண்டுமே!

இங்கே ஒரு நுட்பமான சிக்கலும் உண்டு. எங்கள் கரையில் தெற்கிலிருந்து வரும் நீரோட்டத்தைத் 'தெண்டி' என்றும், வடக்கிலிருந்து வருவதை 'வன்னி' என்றும் சொல்வார்கள். மீனவர் சொல் நீர் எங்கிருந்து வருகிறது என்பதைக் குறிக்கும். விஞ்ஞானியோ காற்றுக்கு வரும் திசையையும், நீரோட்டத்துக்குப் போகும் திசையையும் பெயராக வைக்கிறான். தெண்டி என்பது அவன் ஏட்டில் வடக்கு நோக்கிய ஓட்டம். ஒருவர் 'தெற்கு' என்று சொல்ல மற்றவர் 'வடக்கு' என்று எழுதுகிறார், இருவருமே சரி! பொது அகராதி ஒன்று இல்லாமல் இவ்விரு அறிவையும் ஒரே அடுக்கில் சேர்த்தால், படம் தலைகீழாகிவிடும். 2017 ஜனவரி 28 அன்று எண்ணூருக்கு அப்பால் இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது, அது மெரினாவுக்கும் அதற்குத் தெற்கேயும் பரவியதை நாம் கண்டோம். அத்தகைய நாளில் நீரோட்டத்தின் திசையைப் பிழையறச் சொல்வது எவ்வளவு அவசியம் என்பதை விளக்க வேண்டியதில்லை.

இனி, இக்கருத்தை மறுப்போர் கூறுவனவற்றையும் பார்ப்போம்.

முதலாவது, அடுக்குகள் பெருகினால் திரை குழம்பும், பாறையும் ஆழமும் மறைந்துபோகும் என்பர். நியாயமான அச்சமே. இதனால்தான் அகற்ற முடியாத அடிப்படைக் காட்சி, வழக்கமான காட்சி, வேண்டும்போது வரவழைக்கும் பிற தகவல்கள் எனத் திரைக்கு மூன்று நிலைகளை முன்னரே வகுத்துள்ளனர். நம் அடுக்கு எப்போதும் எரியும் விளக்காக இருக்க வேண்டாம். கப்பல் அப்பகுதியை, அக்காலத்தில், நெருங்கும்போது மட்டும் தோன்றினால் போதும்.

இரண்டாவது மறுப்பு எங்கள் குப்பத்திலிருந்தே வரும். கடலடியில் மீன் கூடும் பாறைத் திட்டுக்குப் 'பார்' என்று பெயர். தாம் கண்டறிந்த பாரை ஒருவர் தம் மகனுக்கே தாமதமாகத்தான் சொல்வார். அதைப் புள்ளியிட்டு உலகத்துக்கெல்லாம் காட்டினால், நாளை பெரிய கலங்கள் வந்து வாரிக்கொண்டு போகாவா? இந்தக் கேள்விக்கு நான் தலைவணங்குகிறேன். ஆகவே பாரைக் காட்டக் கூடாது. 'இம்மாதங்களில், இந்நேரத்தில், இப்பரப்பில் சிறு படகுகளும் வலைகளும் இருக்கும்' என்று பரந்த வட்டாரமாக மட்டுமே காட்ட வேண்டும். எதைச் சொல்வது, எதை விடுவது என்பதை அந்தந்த ஊர் சபையே முடிவு செய்ய வேண்டும். மீனவனைக் காப்பாற்றுகிறேன் என்று சொல்லி அவன் செல்வத்தைப் பறிப்பது காப்பு ஆகாது.

மூன்றாவது, பைபர் படகில் இத்தகைய திரை ஏது என்பர். இல்லைதான்; ஆனால் கைபேசி இருக்கிறது. தரமணியிலுள்ள எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் மீனவர்க்கென உருவாக்கிய செயலி, மீன் கூடும் பகுதியையும் கடல் நிலையையும் தமிழிலேயே தெரிவிக்கிறது. அத்தகவல்களை ஆக்கித் தருவது ஐதராபாத்திலுள்ள இந்திய தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம். கப்பலின் திரையில் வரும் அபாய அறிவிப்பு அதே தரநிலையிலிருந்து தமிழில் கைபேசிக்கும் வரட்டும். அடுக்கு ஒன்று, வாசல் இரண்டு. செலவும் குறையும், முரண்பாடும் வராது.

வரைபடம் வெளியிடுவது டேராடூனிலுள்ள தேசிய நீரளவை அலுவலகம். தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் இருப்பது நம் பள்ளிக்கரணையில். மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் சென்னைக் கிளை இருப்பது சாந்தோம் நெடுஞ்சாலையில். அங்கிருந்து நொச்சிக்குப்பமும் பட்டினப்பாக்கமும் நடந்துபோகும் தூரம். இவர்களும் மாநில மீன்வளத் துறையும் ஊர் சபைகளும் ஒரே மேசையில் அமர வேண்டும் என்பதே என் கோரிக்கை. எஸ்-100-இல் புதிய பொருள்களையும் புதிய சொற்களையும் முன்மொழிவதற்குப் பதிவேடு ஒன்று திறந்தே இருக்கிறது. கதவு மூடியிருந்தால் குறை சொல்லலாம். திறந்திருக்கும்போது உள்ளே போகாமல் வாசலில் நின்று புலம்புவதில் பயனில்லை.

இதில் மாணவர்களாகிய நமக்கும் பணி உண்டு. ஊரூர் ஆல்காட் குப்பம் முதல் நொச்சிக்குப்பம் வரை காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் எத்தனை பெயர்கள் வழங்குகின்றன, ஒவ்வொன்றும் எத்திசை, எந்த மாதம் என்று தொகுக்கத் தமிழ்த் துறையும் இயற்பியல் துறையும் கணினித் துறையும் கைகோக்கலாம். நாட்டு நலப்பணித் திட்ட முகாம் ஒன்றில் பாதி வேலை முடிந்துவிடும். பேராசிரியப் பெருமக்கள் வழிகாட்ட முன்வந்தால், குப்பத்துப் பெரியவர்களிடம் அழைத்துச் செல்லும் பொறுப்பை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

2029 முதல் புதிதாகப் பொருத்தப்படும் திரைகள் மாறிவிடும். அவற்றில் நம் கடல் வெறும் நீல நிறமாகத் தெரியப்போகிறதா, அல்லது அங்கே மனிதர் தொழில் செய்கிறார்கள் என்ற குறிப்போடு தெரியப்போகிறதா? வேறெவரோ எழுதட்டும் என்று விட்டுவிட்டால், அவர்கள் தமக்குத் தெரிந்ததைத்தான் எழுதுவார்கள்.