அளவெடுத்த பின்னரே அம்பு



ஹெந்தளையில் பெண்களுக்கான வகுப்பொன்றை முடித்துப் புறப்படும் வேளையில் ஒரு தாய் என்னை நிறுத்தினார். "ஹஸ்ரத், கட்டார்ல இருக்கிற எங்கட தம்பி, மகனுக்கு ஒரு வில் கொண்டு வந்து தந்திருக்கிறார். வேட்டைக்குரிய வில்லாம். முத்துராஜவெலைக்குப் போய்க் கொக்கு அடிக்கப் போறன் என்று நிற்கிறான். வேணாம் என்றால், 'வில்வித்தை சுன்னத்துத்தானே உம்மா' என்கிறான். நான் என்ன சொல்ல?"

பிள்ளைக்கு வயது பதினாறு. அவன் சொன்னதில் பாதி சரி. நபி (ஸல்) அவர்கள் அம்பெய்யக் கற்பதை ஊக்குவித்தார்கள். கற்ற பின் அதைக் கைவிடுவதைக் கண்டித்தார்கள். இவை ஸஹீஹ் முஸ்லிமில் பதிவானவை. மற்றப் பாதியைத்தான் அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

முதலில் இடம். ஹெந்தளையை ஒட்டித் தொடங்கி நீர்கொழும்புக் களப்பு வரை நீளும் முத்துராஜவெலைச் சதுப்பு நிலத்தின் வட பகுதி 1996ஆம் ஆண்டு சரணாலயமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. வன விலங்குகள், தாவரங்கள் பாதுகாப்புக்கான 1937ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின்படி அங்கே வேட்டை குற்றம். சரணாலயத்துக்கு வெளியிலும் மிகப் பெரும்பாலான பறவைகளுக்கு அதே சட்டம் காவல் நிற்கிறது. வில்லால் வாழ்ந்த தம்பானை வேடர்களே 1983இல் மதுரு ஓயா தேசியப் பூங்கா அமைந்தபோது தம் வேட்டைக் காடுகளை இழந்தார்கள். பசிக்கு வேட்டையாடியவர்களின் நிலை அதுவென்றால், விளையாட்டுக்குக் கொல்பவரை யார் அனுமதிப்பார்?

அடுத்தது மார்க்கம். அதீ இப்னு ஹாதிம் (ரழி) அவர்களுக்கு நபியவர்கள் கற்பித்த வேட்டைச் சட்டங்களைப் பாருங்கள். அம்பை விடும்போது பிஸ்மி சொல்ல வேண்டும். கூர் துளைத்து இறந்தால் ஹலால். மொட்டையான பக்கம் பட்டு, அடியின் வேகத்தால் இறந்தால் கூடாது. எய்யப்பட்ட பிராணி தண்ணீரில் விழுந்து கிடந்தால் அதையும் உண்ணலாகாது. கொன்றது அம்பா, தண்ணீரா என்று தெரியாதல்லவா? சதுப்பு நிலத்தில் கொக்கு வேறெங்கே விழும்? குறி பழகுவதற்காக உயிருள்ள ஒன்றை இலக்காக நிறுத்துவதோ முற்றாகத் தடுக்கப்பட்டது. எய்தவன் தன் அம்புக்குப் பொறுப்பாளி என்பதே இவை அனைத்தும் சொல்லும் பாடம்.

அப்படியானால் வில்லைப் பூட்டி வைத்து விடுவதா? வேண்டாம். பிள்ளையின் ஆசையை வைக்கோல் இலக்கின் பக்கம் திருப்புங்கள். ஆனால் அதற்கும் முன்னர் அளவு பார்க்க வேண்டும்.

1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்தில் சிறைப்பட்டிருந்த ரொபர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயர் 1681இல் வெளியிட்ட நூலில் வேடரைப் பற்றி ஒரு செய்தி உண்டு. அம்பு தேவைப்பட்டால் அவர்கள் இரவில் வந்து கொல்லன் பட்டறையில் இறைச்சியைத் தொங்கவிட்டு, தமக்கு வேண்டிய அம்பின் வடிவில் வெட்டிய இலையையும் வைத்துவிட்டுப் போவார்களாம். காட்டில் பிறந்து வில்லோடு வளர்ந்தவனும் அளவு கொடுத்துத்தான் அம்பு செய்வித்தான்!

உங்கள் தையல் நாடாவே போதும். பிள்ளை இரு கைகளையும் பக்கவாட்டில் விரித்து நிற்கட்டும். ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மறு நடுவிரல் நுனி வரை அளந்து, வருவதை இரண்டரையால் வகுத்தால் அவன் நாணை இழுக்கும் நீளம் ஏறத்தாழக் கிடைக்கும். இந்தத் தாய் அளந்தபோது 65 அங்குலம் வந்தது, ஆகவே 26. மாமாவின் வில்லோ 29 அங்குலத்துக்குப் பூட்டியது. இழுவை 60 ராத்தல். வில்லை வானத்தை நோக்கித் தூக்கினால்தான் மகனால் இழுக்க முடிந்தது. அது ஆபத்தின் அடையாளம். இழுக்கும்போது நாண் கைநழுவினால் அம்பு எந்தக் கூரையில் இறங்குமோ?

தொடக்கக்காரப் பையனுக்கு 20 ராத்தல் அளவிலான எளிய வில்லே ஏற்றது. அமெரிக்காவின் பல மாநிலங்களில் மான் வேட்டைக்கு ஆகக் குறைந்த இழுவை எவ்வளவு என்று சட்டமே வகுத்திருக்கிறது. அந்தப் பலம் பழகப் பழகத்தான் வரும். சக்கரங்கள் பொருத்திய கம்பவுண்ட் வில்லை வீட்டில் கழற்றித் திருத்த முயல வேண்டாம். அதற்கென உள்ள அழுத்துக் கருவியும் பழகிய கையும் தேவை. சவர அலகு போன்ற வேட்டை முனைகளைக் கழற்றி, பெரியவர் கையில் பூட்டி வையுங்கள்.

எந்தக் கண் முந்தியது என்றும் பார்க்க வேண்டும். இரு கைகளாலும் சிறு துவாரம் அமைத்து, கையை நீட்டி, அதனூடே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண்ணுக்குக் கடிகாரம் மறையாமல் தெரிகிறதோ அதுவே முந்திய கண். அந்தப் பக்கக் கையால் நாணை இழுப்பது நல்லது. அம்பு, இழுக்கும் நீளத்தைவிட ஓரிரு அங்குலம் கூடுதலாக இருக்கட்டும். குட்டையானால் தாங்கியிலிருந்து நழுவி, வில் பிடித்த கையையே துளைக்கக்கூடும். அம்பு கோக்காமல் நாணை இழுத்து விடவே கூடாது. அம்போடு போக வேண்டிய விசை வில்லுக்குள் திரும்பி அதை முறித்துவிடும். முன்கைக்குக் காப்பும் விரல்களுக்குத் தோலுறையும் அவசியம்.

முதல் நாட்களில் ஐந்து மீற்றர் தூரம் போதும். இலக்கின் பின்னால் தடுப்பு இருக்க வேண்டும். ஆள் நடமாட்டம் இருக்கக் கூடாது. எல்லோரும் எய்து முடித்த பின்னரே அம்பு எடுக்கப் போக வேண்டும். முடிந்தவரை பயிற்சியாளர் ஒருவரிடம் ஒப்படையுங்கள்.

பெண் பிள்ளைகளுக்கும் இது உரியதே. விபத்தில் கால்கள் செயலிழந்த ஈரானியச் சகோதரி ஸஹ்ரா நிஅமத்தி, ஹிஜாபுடன் சக்கர நாற்காலியில் அமர்ந்து எய்து 2012 லண்டன் பராலிம்பிக்கில் தங்கம் வென்றார். 2016இல் ஒலிம்பிக்கிலும் கலந்துகொண்டார். ஹிஜாபின் தொங்கலையும் தளர்ந்த கையையும் நாண் படாதவாறு ஒதுக்கிக் கட்டுங்கள். மார்புப் பக்கம் ஊசி குத்த வேண்டாம்.

அந்தத் தாய் மகனிடம், "வேணாம் என்று சொல்லல்ல மகன், முதலில் உன்ட கைக்கு ஏற்ற வில்லைப் பார்ப்பம்" என்றாராம். பிள்ளை முகம் சுளித்தாலும் மாமாவின் வில்லை உம்மாவின் அலுமாரியில் வைக்கக் கொடுத்துவிட்டான். வெறும் "கூடாது" என்ற சொல்லால் நடக்காத காரியம் இது. நம் பிள்ளைகளின் கைக்குப் பலத்தையும், அதைவிட மேலாக நிதானத்தையும் அல்லாஹ் தந்தருள்வானாக!

வஸ்ஸலாம்.