கையால் விதைத்த மலர்

மலர்களைப் பற்றி மிகுதியாகப் பேசுவோர் தமிழ் மாணவர். மலர்களை மிகக் குறைவாக அறிந்தோரும் அவரே. இங்ஙனம் கூறுதல் குற்றமாயின் அக்குற்றத்தில் முதற்பங்கு எனக்கே உரியது. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 மலர்களை அடுக்கிக் கூறுகின்றார். தேர்வுக்கு முதல்நாளிரவு அப்பெயர்களை ஒரே மூச்சில் ஒப்பித்தேன். மறுநாட் காலை, விடுதி வேலியிற் படர்ந்திருந்த நீலப்பூ யாதென்று இளைய மாணவர் ஒருவர் வினவ, விடை கூற இயலாது நின்றேன். அது சங்குப்பூ. கபிலர் கூறும் கருவிளை அதுவே என்பதும், செருவிளை என்பது வெண்சங்குப்பூ என்பதும் பின்னரே அறிந்தேன். உரையில் ‘ஒருவகைப் பூ’ என்று கண்டால் அவ்வளவில் அமைந்துவிடும் பழக்கம் நம்மிடை வேரூன்றிவிட்டது.

இந்நோய்க்கு யான் கருதும் மருந்து எளியது. மாணவர் ஒவ்வொருவரும் ஆண்டுதோறும் ஒரு பிடி விதையேனும் தம் கையால் விதைத்தல் வேண்டும். பூத்த செடியைத் தொட்டியோடு விலைக்கு வாங்கி வைத்தல் இதற்கு ஈடாகாது. அது பிறர் எழுதிய கட்டுரையில் நம் பெயரைப் பொறித்தல் போலும்.

சென்ற கார்த்திகையில் மழை ஓய்ந்தபின் விடுதிக் கிணற்றருகே நாஸ்டர்ஷியம் விதைத்தேன். தென்னமெரிக்க மலைநாட்டில் தோன்றிய இச்செடி நீலகிரியிலும் கொடைக்கானலிலும் செழித்துப் படர்வது. சமவெளியிலோ குளிர்ந்த திங்களே அதற்கு ஏற்றவை. விதை பட்டாணியளவினது, தோல் சுருங்கியது. அதனை ஓரிரவு நீரில் ஊறவைத்து, அரை அங்குல ஆழத்தில், பூக்கவேண்டிய இடத்திலேயே ஊன்றுதல் நலம். பெயர்த்து நடுதலை அது பொறாது. ஏறக்குறைய பத்து நாளில் முளை தோன்றும். வட்டமான இலையின்மேல் வீழ்ந்த நீர், தாமரையிலையிற்போல ஒட்டாது உருண்டோடும்.

அன்பு மிகுதியால் யான் சாணவெருவைக் கூடைகூடையாகக் கொட்டினேன். இலைகள் உள்ளங்கையினும் அகன்று விரிந்தன. பூவோ ஒன்றேனும் தோன்றவில்லை. செங்கற்பொடியும் பழங்காரையும் கிடந்த மூலையில், என் கையினின்று தவறி வீழ்ந்த இரண்டு விதைகள், தைத் திங்களில் தீக்கொழுந்துபோல் மலர்ந்தன! வளம் மிக்க மண்ணில் இச்செடி இலையையே பெருக்கும் என்பது தோட்டநூல்களில் எழுதியிருப்பதுதான். நூலிற் படித்திருப்பின் மறந்திருப்பேன். தோற்றுக் கற்றமையால் இனி மறவேன்.

இதன் பெயரும் தமிழ் மாணவர்க்குச் சுவை தருவது. சுவீடன் நாட்டுப் பேரறிஞர் லின்னேயஸ் இதற்கு ‘ட்ரோபியோலம்’ என்று பெயரிட்டார். வெற்றிச்சின்னம் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லினின்று பிறந்தது அப்பெயர். இலையில் கேடயத்தையும் பூவில் தலைச்சீராவையும் கண்டார் அவர். போர்முனையில் வாகை சூடியோரைப் பாடிய மொழிக்கு இக்காட்சி அயலாகுமோ?

அயல்நாட்டுப் பூ நமக்கு எற்றுக்கு என்பர் சிலர். மாலைதோறும் நாம் தொடுக்கும் செண்டுமல்லி மெக்சிகோவினின்று வந்தது. அந்திமந்தாரையும் அமெரிக்கக் கண்டத்ததே. எனினும் அவர் கூற்றை யான் முற்றும் மறுக்கவில்லை. நாஸ்டர்ஷியத்தோடு காசித்தும்பையையும் சங்குப்பூவையும் விதைப்போமாக. முற்றிய காசித்தும்பைக் காய் விரல் பட்ட அளவில் வெடித்து விதை சிதறுவதைக் கண்டவர்க்கு உரையும் வேண்டுமோ?

பொழுதில்லை என்பாரும், தோட்டக்காரர் இருக்க நாம் ஏன் உழைத்தல் வேண்டும் என்பாரும் உளர். மாலையில் கால் நாழிகை நீர் வார்த்தலால் எவர் தேர்வும் கெடாது. தோட்டக்காரர் வளர்த்த பூவின் பெயர் அவருக்கே தெரியும், நமக்குத் தெரியாது. இதுவன்றோ என் வழக்கின் சாரம்!

ஆதலின் கல்லூரித் தலைவர்க்கும் விடுதிக் காவலர்க்கும் ஒரு விண்ணப்பம். விடுதிச் சுவரோரத்தில் வகுப்புக்கு ஒரு பாத்தி ஒதுக்கித் தருக. விடைபெறும் வகுப்பார் தம் பாத்தியின் விதைகளை உலர்த்திப் பொதிந்து, புதிதாய் வருவோர் கையில் கொடுப்பாராக. என்னிடம் இருபத்திரண்டு நாஸ்டர்ஷிய விதைகள் உள்ளன. அவையனைத்தும் எருவிட்ட பாத்தியில் விளைந்தவையல்ல, அம்மூலையில் விளைந்தவை. வேண்டுவோர் வந்து பெற்றுக்கொள்க.