சீனப் பழமொழிக்குப் பல் உண்டு

'சீனப் பழமொழி ஒன்று சொல்கிறது' என்று தொடங்கும் கட்டுரைகளை அந்த முதல் வரியோடு மூடிவைத்துவிடுவது என்று நாங்கள் தீர்மானித்திருக்கிறோம். சிறுபத்திரிகைத் தலையங்கம், நூல் வெளியீட்டு உரை, தன்முன்னேற்ற நூல், நாட்காட்டித் தாள் என எங்கும் இவ்வாக்கியம் உலவுகிறது. எந்தச் சீனர் சொன்னார், எப்போது, யாரிடம், எதற்காக என்ற கேள்விகளுக்கு அது இடமே கொடுப்பதில்லை. சீனாவைப் பெயர் தெரியாத ஒரு கிழவராகவும், ஜப்பானை அவருடைய பேசாத தம்பியாகவும் ஆக்கி, நமக்கு வேண்டியதையெல்லாம் அவர்கள் வாயில் போட்டுப் பேசவைக்கும் பழக்கம் இது. நாங்களும் இதைச் செய்திருக்கிறோம் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறோம். 'ஆயிரம் சொற்களுக்கு ஒரு படம் சமம்' என்பதைச் சீன முதுமொழி என்று எங்களில் ஒருவர் எழுதினார், மற்றவர்கள் தலையாட்டினோம்.

அந்த முதுமொழி பிறந்தது அமெரிக்க விளம்பரத் தொழிலில். ஃப்ரெட் பர்னார்ட் என்ற விளம்பரக்காரர் 1921இல் தொழில்முறை இதழ் ஒன்றில் அதன் முதல் வடிவத்தை வெளியிட்டபோது, அதை ஜப்பானியத் தத்துவஞானி ஒருவர் தலையில் கட்டினார். 1927இல் சொற்களின் எண்ணிக்கையைப் பத்தாயிரமாக உயர்த்தி, சீனப் பழமொழி என்று மாற்றிக்கொண்டார். ஆறே ஆண்டுகளில் ஒரு வாக்கியம் நாடு மாறிவிட்டது. யாரும் கடவுச்சீட்டு கேட்கவில்லை. நாமும் கேட்கவில்லை.

பொய்ப் பழமொழிகளால் விளையும் தீங்கு சிறிது. மெய்யான பழமொழிகளைப் பல் பிடுங்கி வாங்கிக்கொள்கிறோமே, அதுதான் பெரிது. பல் என்று சொன்னது உவமைக்காக மட்டுமல்ல. பல்லையும் கடியையும் பற்றிச் சீனமும் ஜப்பானியமும் வைத்திருக்கும் சொற்களையே சான்றாக எடுத்துக்கொள்வோம்.

'உதடு போனால் பல்லுக்குக் குளிரும்.' இதை நட்பின் இலக்கணமாக, நெருக்கத்தின் இனிமையாக மேற்கோள் காட்டுகிறவர்கள் உண்டு. இதன் முகவரி ட்ஸுவோ ஜுவான் என்னும் பழைய வரலாற்று நூல், ஆண்டு கி.மு. 655. ஜின் என்ற பெரிய நாடு, குவோ என்ற சிறிய நாட்டின்மீது படையெடுத்துச் செல்வதற்கு, இடையிலிருந்த யூ நாட்டிடம் வழி கேட்டது. இரண்டாம் முறையாகக் கேட்டது. முதல்முறை கேட்டபோதே உயர்ந்த குதிரைகளையும் அரிய பச்சைக்கல்லையும் கையுறையாகக் கொடுத்து வழி வாங்கியிருந்தது. கோங் ஜிச்சி என்ற அமைச்சர் தன் மன்னனிடம் மன்றாடினார்: குவோ நமக்கு உதடு, அது போனால் பல்லாகிய நாம் குளிரில் நிற்போம் என்பதே அவர் வாதம். மன்னன் கேட்கவில்லை. அமைச்சர் தன் சுற்றத்தாரைக் கூட்டிக்கொண்டு நாட்டைவிட்டு வெளியேறினார். ஜின் படை குவோவை அழித்துவிட்டுத் திரும்பும் வழியில் யூவையும் விழுங்கியது.

இதில் நட்பு எங்கே இருக்கிறது? உதட்டின்மீது பல்லுக்கு அன்பு கிடையாது. குளிர் பற்றிய அச்சம் இருக்கிறது. அடி விழும்போது முதலில் கிழிவது உதடுதான் என்பதும் அந்த உவமைக்குள் அடக்கம். 1950இல் சீனப் படைகள் கொரியப் போரில் இறங்கியபோது இதே உதடும் பல்லும் மீண்டும் நினைவுகூரப்பட்டன. வியட்நாமுடனான உறவுக்கும் இதே உவமை பல்லாண்டுகள் வழங்கியது. 1979 பிப்ரவரியில் அந்தப் பல் அந்த உதட்டைக் கடித்தது. கதையை அறிந்தவருக்கு அதில் வியப்பில்லை. 'உதடும் பல்லும் போன்ற நட்பு' என்று நெகிழ்ந்து எழுதியவருக்குத்தான் விளக்கம் தேவைப்படும்.

அதே படையெடுப்பில் இன்னொரு பல்லும் இருக்கிறது. யூ வீழ்ந்ததும், கையுறை கொடுக்கும் யோசனையைச் சொன்ன சுன் ஷி என்ற ஜின் அமைச்சர், கொடுத்த குதிரையையும் பச்சைக்கல்லையும் மீட்டுவந்து தன் மன்னன்முன் நிறுத்தினார். கல் அப்படியே இருக்கிறது, குதிரையின் பல் மட்டும் கொஞ்சம் நீண்டுவிட்டது என்றார். குலியாங் உரை தரும் செய்தி இது. குதிரைக்கு வயது பார்ப்பது பல்லைக் கொண்டு. அதிலிருந்து, பயனின்றி வயதேறியதைத் தாழ்மையாகச் சொல்ல 'வெறுமனே குதிரைப்பல் வளர்ந்தது' என்பது சீன வழக்காயிற்று. ஜப்பானியர் 'குதிரை வயதை அடுக்கிக்கொண்டேன்' என்கிறார்கள். அந்த 'வயது' என்ற எழுத்துக்குள்ளேயே பல் என்ற எழுத்து உட்கார்ந்திருக்கிறது. மூத்த எழுத்தாளர் ஒருவர் தம்மைப் பற்றி அப்படிச் சொல்லும்போது, இரண்டு நாடுகள் அழிந்த கதையின் மிச்சம் அந்தப் பணிவில் ஒட்டியிருக்கிறது. ஆங்கிலம் வழியாக நம்மிடம் வரும்போது 'எனக்கும் வயதாகிவிட்டது' என்று வந்து சேர்கிறது. குதிரை வழியிலேயே நின்றுவிட்டது.

'தொப்புளைக் கடித்தல்' என்று ஜப்பானியத்தில் ஒரு தொடர். தீராத வருத்தம் என்று பொருள். யாருக்கும் வாய் எட்டாத இடம் தொப்புள். காலம் கடந்த பின் வருந்துவது அவ்வாறானது. இதுவும் ட்ஸுவோ ஜுவானிலிருந்து போனது. கி.மு. 688இல் சூ நாட்டு மன்னன் வென் படையெடுத்துச் செல்லும் வழியில் டெங் நாட்டில் தங்கினான். அவனை இப்போதே கொன்றுவிடுங்கள், இல்லையேல் பிறகு தொப்புளைக் கடிக்க வேண்டிவரும் என்று உறவினர் மூவர் டெங் அரசனிடம் வற்புறுத்தினர். 'அவன் என் மருமகன்' என்று சொல்லி அரசன் விருந்து வைத்தான். கி.மு. 678இல் மருமகன் மாமனின் நாட்டை அழித்தான். இத்தொடரை 'வருந்தினான்' என்ற ஒற்றை வினையாக மொழிபெயர்ப்பவர் பிழை செய்யவில்லைதான். ஆனால் விருந்தோம்பலையே அறமாகப் பாடிய நமக்கு அந்த விருந்து எவ்வளவு உறுத்தியிருக்கும்! அந்த உறுத்தலை வாசகரிடமிருந்து பறித்துவிடுகிறார்.

'மூலையில் மடக்கப்பட்ட எலி பூனையைக் கடிக்கும்.' தன்னம்பிக்கை நூல்களுக்கு மிகப் பிடித்த கடி இது. இதன் வேர் 'உப்பு இரும்பு விவாதம்' என்னும் நூலில் இருக்கிறது. கி.மு. 81இல் ஹான் அரசவையில் அரசின் உப்பு, இரும்பு ஏகபோகத்தைப் பற்றி நடந்த விவாதத்தின் பதிவு அது. வரியும் தண்டனையும் எல்லை மீறினால் குடிமக்கள் என்ன செய்வார்கள் என்று எச்சரிக்கும் இடத்தில் எலி வருகிறது. சின் பேரரசுக்கு எதிராக முதலில் கிளர்ந்தெழுந்த சென் ஷெங், வூ குவாங் என்ற இருவரும் உடன் வருகிறார்கள். மூலத்தில் இருப்பது வீட்டுப்பூனைகூட அல்ல, காட்டுப்பூனை. ஜப்பான் அதை வீட்டுக்குள் கொண்டுவந்தது. நாம் அதை விற்பனைப் பிரதிநிதிகளுக்கான வகுப்பறைக்குள் கொண்டுவந்தோம். அரசைப் பார்த்துச் சொன்ன சொல், 'முயன்றால் நீயும் வெல்லலாம்' என்று எலியைப் பார்த்துச் சொல்வதாகிவிட்டது.

மேற்கோள்கள் போகட்டும், மொழிபெயர்ப்புகளுக்கு வருவோம். ஜப்பானியர் அன்றாடப் பேச்சில் பல்லை விடுவதில்லை. ஒளிவுமறைவின்றிப் பேசுவது பல்லுக்கு உடை உடுத்தாமல் பேசுவது. மென்று விழுங்கிப் பேசுவது கடைவாயில் ஏதோ சிக்கிக்கொண்டதுபோலப் பேசுவது. அளவு மீறிய முகத்துதி கேட்டால் பல் மிதக்கும். ஒருவர் ஒரு வேலையைத் தடுமாறிச் செய்வதைக் கைகட்டிப் பார்த்திருக்க நேர்ந்தால் பல் அரிக்கும். 'ஹகயுயி' என்ற ஒரே சொல்லில் அந்த அரிப்பு இருக்கிறது. தன்னால் முடியாத அளவு கடினமான ஒன்றில் பல் நிற்காது. ஆங்கிலத்தில் இவை பெரும்பாலும் வெளிப்படை, தயக்கம், சங்கடம், எரிச்சல், இயலாமை என்ற பண்புப் பெயர்களாகிவிடுகின்றன. நாம் அந்தப் பெயர்களைத் தமிழாக்கி ஜப்பானிய இலக்கியம் என்று அச்சிடுகிறோம். பிறகு ஜப்பானிய எழுத்து உணர்ச்சியடங்கியது, மென்மையானது என்று விமர்சனமும் எழுதுகிறோம். 'பல் கூசுகிறது', 'பல் இறங்கவில்லை' என்று சொல்லத் தெரிந்த மொழி நம்முடையது. ஆங்கிலத்தைவிட அருகில் நிற்கும் மொழி ஆங்கிலத்தின் பின்னால் வரிசையில் நிற்கிறது.

இதற்கு இரண்டு மறுப்புகள் வரும் என்று அறிவோம். முதலாவது, பழமொழி பொதுச்சொத்து, அதற்கு முகவரி எதற்கு என்பது. முகவரியே இல்லாத மக்கள் வழக்குகள் உண்டுதான். 'ஒருநாள் பாம்பு கடித்தவன் பத்தாண்டு கிணற்றுக் கயிற்றுக்கு அஞ்சுவான்' என்று சீனத்தில் சொல்கிறார்கள். அதைச் சீன வழக்கு என்று சொல்வதே போதும். ஆனால் அங்கும் கவனம் வேண்டும். கயிறும் பாம்பும் என்றவுடன் நம்மவர்கள் மாயாவாதத்துக்குத் தாவிவிடுவார்கள். அது அறிவின் மயக்கத்தைப் பற்றியது. இது உடம்பின் நினைவைப் பற்றியது; இந்த மனிதனுக்கு அது கயிறு என்பது தெரிந்தே இருக்கலாம், ஆயினும் கை பின்வாங்கும்.

இரண்டாவது மறுப்பு, நிகரான தமிழ்ப் பழமொழியை வைத்துவிட்டால் வாசகருக்கு எளிது என்பது. 'வளர்த்த நாயிடம் கையில் கடிபடுதல்' என்ற ஜப்பானியத் தொடருக்கு 'வளர்த்த கடா மார்பில் பாய்ந்தது' இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. ஆனால் நம் வாக்கியத்தில் எழுவாய் கடா. அதன் பாய்ச்சலைப் பார்க்கிறோம். அவர்கள் வாக்கியம் கடிபட்டவனுடையது. செயப்பாட்டு வினையில், சோறு வைத்த கையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான் அவன். கடாவை அங்கே கொண்டுபோய் நிறுத்தினால் அந்தக் கை மறைந்துவிடும்.

இதற்கெல்லாம் சீனமும் ஜப்பானியமும் கற்றாக வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை, கற்கிறவர்கள் வாழ்க. நாங்கள் கேட்பது சிறிய ஒழுக்கம். மேற்கோளின் மூலத்தைத் தேடுங்கள். கிடைத்தால் சொல்லுங்கள். கிடைக்காவிட்டால் அந்தக் கருத்தைச் சொந்தப் பொறுப்பில் எழுதுங்கள். மொழிபெயர்க்கையில் பல்லைப் பல்லாகவே வையுங்கள், வாசகர் மென்றுகொள்வார். தவறு தெரிந்தால் திருத்துங்கள்.

கடைசியாகச் சொன்னதுதான் கடினம். மூன்றாம் நூற்றாண்டில் சுன் சூ என்பவர் துறவு வாழ்வைப் பற்றிப் பேசும்போது, கல்லில் தலைவைத்து ஓடைநீரில் வாய் கொப்பளிப்பேன் என்பதற்குப் பதிலாக, ஓடையில் தலைவைத்துக் கல்லால் வாய் கொப்பளிப்பேன் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டார். நண்பர் மடக்கியபோது, ஓடை காதைக் கழுவுவதற்கு, கல் பல்லைத் தீட்டுவதற்கு என்று சாதித்தார். அந்தப் பிடிவாதத்தைத் தன் கேலிப்பெயராகச் சூட்டிக்கொண்டவர்தான் ஜப்பானிய நாவலாசிரியர் நட்சுமே சோசெகி. 'சோசெகி' என்றால் கல்லால் வாய் கொப்பளித்தல். தன் பிடிவாதத்தைத் தானே பார்த்துச் சிரிப்பவருக்கு அந்தப் பெயர் அழகு. நமக்கோ அந்தச் சிரிப்பும் வருவதில்லை, கல்லும் வாயிலிருந்து இறங்குவதில்லை.

சொல்லைக் கடித்து எழுத்தை மெல்லுகிறவர்கள் என்று எங்களைச் சிலர் ஏசக்கூடும். சீனத்தில் அது வறட்டுப் பண்டிதர்களுக்கான வசை: யாவ் வென் ஜியாவ் ட்ஸு. அந்த வசையையே பெயராக வைத்துக்கொண்டு, அச்சிலும் பொதுவெளியிலும் வரும் மொழிப்பிழைகளைச் சுட்டும் இதழ் ஒன்று ஷாங்காயில் 1995இல் தொடங்கப்பட்டது. தமிழில் அப்படி ஓர் இதழ் வரும்வரை, அந்த வசையை நாங்களும் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்கிறோம்.